சுண்ணாம்பும் வாய்மையும்

சென்ற திங்களில் நம் சங்கத்துக்கு வந்திருந்த முதிய அன்பர் ஒருவர் பேச்சினிடையே என்னை ஒரு கேள்வி கேட்டார். உக்ரேன் நாட்டின் ஒடேசா நகரத்துப் பேராலயத்தின்மீது 2023-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் ருஷிய ஏவுகணை விழுந்த செய்தியையும், அதனைச் செப்பனிட இத்தாலிய அரசு முன்வந்த செய்தியையும் அவர் எங்கோ படித்திருந்தார். "ஐயா, தோன்றியன யாவும் அழியும் என்று நாள்தோறும் ஓதுகின்றோம். அவ்வாறிருக்க, இடிந்த சுவருக்காக ஒரு நாட்டார் இத்துணைப் பாடுபடுவானேன்? அதிலும் அந்த ஆலயம் பழையதே அன்றாம். முன்னமே ஒருமுறை இடித்துத் திரும்பக் கட்டியதாம். நகல் அழிந்தால் நட்டம் என்ன?" என்றார்.

அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கேள்வியோ நல்ல கேள்வி. அதில் ஒன்றல்ல, இரண்டு வினாக்கள் பிணைந்து கிடக்கின்றன. அழிவது இயல்பாயின் காப்பது எதற்கு என்பது முதலாவது. திரும்பக் கட்டியது பழையதுதானா, அன்றிப் பழையதன் வேடம் தரித்த வேறொன்றா என்பது இரண்டாவது. இவற்றை ஏட்டுத் தருக்கத்தால் மட்டும் தீர்க்க முயன்றால் வழி தவறிப்போவோம் என்பது என் கருத்து. சுவரில் கை வைத்து வேலை செய்கிற கொத்தனாரையும் தச்சரையும் கேட்டால் தெளிவு பிறக்கக்கூடும். ஆகவே சற்றுச் சுற்றுவழியில் செல்கிறேன். வாசகர் பொறுத்தருள்க.

முதலில் ஒடேசாவின் கதையை முறையாகச் சொல்லிவிடுகிறேன். அப்பேராலயத்துக்கு 1794-இல் கால்கோள் நடந்தது. 1936-இல் சோவியத் ஆட்சியினர் அதனை இடித்துத் தள்ளினர். நாடு விடுதலை பெற்ற பின், 1999-இல் திரும்பக் கட்டும் பணி தொடங்கிற்று. 2010-இல் அதனைப் புனிதப்படுத்தும் சடங்கை நடத்தியவர் மாஸ்கோவின் தலைமைக் குருவாகிய கிரில் என்பவரே. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய நாட்டுப் படையின் ஏவுகணை அதன் கூரையைத் துளைத்தது. ஒரே ஆலயம் நூறாண்டுக்குள் இருமுறை அடிபட்டது. இதனை "அழிவின் இயல்பு" என்று சொல்லி நகர்ந்துவிடலாமா?

ஆகாது என்பேன். மழை, பனி, வெயில், கறையான், காலம் ஆகியவற்றால் ஒரு சுவர் தேய்ந்து விழுமாயின் அது இயல்பு. ஒருவன் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்ப்பானாயின் அது செயல். செயலுக்குச் செய்தவன் உண்டு, எண்ணம் உண்டு, பொறுப்பு உண்டு. உயிர்கள் யாவும் என்றோ இறக்கும் என்று அறிந்தவன், அதனால் கொலை குற்றமன்று என்று கூறுவதில்லை. நிலையாமையை உணர்வது நம் பற்றைத் தளர்த்துதற்கு. பிறர் கைசெய்த கொடுமைக்குப் போர்வை போர்த்துதற்கு அன்று. கோட்பாட்டை அறிந்தவர்களே இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். நம் அன்பரைச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஐயம் தெளிதற்பொருட்டு.

இந்த வேறுபாட்டைத் தம் உயிரைக் கொடுத்துக் காட்டிய ஒருவர் உண்டு. கீவ் நகரத்தில் 1108-க்கும் 1113-க்கும் இடையில் எழுந்தது புனித மிக்கேல் பொற்குவிமாட ஆலயம். உக்ரேனின் தலைநகரம் 1934-இல் கார்க்கிவிலிருந்து கீவுக்கு மாற்றப்பட்டபோது, அரசாங்க மாளிகைகள் கட்ட அந்த இடம் வேண்டுமென்று ஆட்சியாளர் முடிவு செய்தனர். ஆலயத்தை இடிக்கலாம் என்னும் பத்திரத்தில் அறிஞர்களின் கையொப்பம் கேட்கப்பட்டது. மிக்கோலா மக்கரென்கோ என்னும் கலை வரலாற்று ஆராய்ச்சியாளர் கையொப்பமிட மறுத்தார். அவர் சிறைப்பட்டார், நாடுகடத்தப்பட்டார், 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லெனின்கிராடிலிருந்து வந்த பிரொலோவ் என்பவர் தலைமையில் மொசைக் ஓவியங்கள் சுவரினின்று பெயர்த்தெடுக்கப்பட்டன. 1937-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எஞ்சிய கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இவ்வளவும் செய்த பின், எந்த மாளிகைக்காக அந்த இடம் வேண்டியிருந்ததோ அந்த மாளிகை அங்கே எழவேயில்லை. இடம் வெறுமையாய்க் கிடந்தது.

மக்கரென்கோ எதைக் காக்க முயன்றார்? அந்தச் சுவர் என்றென்றும் நிற்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். பழங்கட்டடங்களை ஆராய்ந்தவருக்கு அவை எவ்வாறு விழுகின்றன என்று நம்மைவிட நன்றாய்த் தெரியும். பொய்யான ஒரு தாளில் தம் பெயர் இருத்தல் கூடாது என்பதே அவர் கருதியது போலும். ஆதலின் பழங்கட்டடம் பற்றிய வினா முதலில் வாய்மை பற்றிய வினா. அழகு பற்றியது பிறகு. இதை மனத்திற் கொண்டு இனிச் சுவருக்குள் நுழைவோம்.

கீவின் புனித சோபியா ஆலயம் பதினோராம் நூற்றாண்டினது. அதன் சுவர் நாம் காணும் செங்கற் சுவர் போன்றதன்று. அக்காலத்துச் செங்கல் சதுரமாய், அகன்று, மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத கனமுடையதாய் இருந்தது. "பிளின்பா" என்பது அதன் பெயர். கல்லும் பிளின்பாவும் வரிசை மாறி அடுக்கப்பட்டன. ஒரு வரிசைச் செங்கல் வெளிமுகத்துக்கு வர, அடுத்த வரிசை உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. உள்ளே தள்ளிய வரிசையின் முகத்தைச் சாந்து மூடிற்று. எனவே வெளியே பார்ப்பவருக்குச் சிவந்த செங்கற் கோடுகளும், அவற்றைவிட அகலமான சாந்துப் பட்டைகளும் மாறி மாறித் தோன்றும். அந்தச் சாந்து சுண்ணாம்பும் இடித்த செங்கற்பொடியும் சேர்ந்த கலவை. நம் நாட்டுக் கொத்தனார் "சுர்க்கி" என்பார்களே, ஏறக்குறைய அதுவே. வெறுஞ் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும். சுட்ட மண்ணின் பொடி சேர்ந்தாலோ ஈரத்திலும் இறுகும். ஒவ்ரூச் பகுதியிலிருந்து வந்த இளஞ்சிவப்புப் பலகைக் கல்லைச் சுவர்விளிம்புகளுக்கும் தளத்துக்கும் பயன்படுத்தினர். வளைவுக் கூரைகளுக்குள் வாயகன்ற மட்பானைகளைப் பதித்தனர். அவை பாரத்தைக் குறைத்தன. பாட்டின் ஒலியையும் சீர்ப்படுத்தின என்பர். சுவர்களுக்குள் மரக்கட்டைகளைக் கிடத்தினர். அந்தக் கட்டைகள் காலத்தால் உளுத்துப்போக, அவை இருந்த வெற்றிடங்கள் மட்டும் இன்று சுவர்களுக்குள் குழாய்போல் ஓடுகின்றன.

உள்ளே சுமார் 260 சதுர மீட்டர் மொசைக்கும், 3,000 சதுர மீட்டர் அளவுக்குச் சுவரோவியமும் எஞ்சியிருக்கின்றன. மொசைக்கின் கண்ணாடித் துண்டுகளில் 177 நிறவேறுபாடுகளை எண்ணியிருக்கிறார்கள். பொன்னிறத் துண்டு என்பது இரு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே பொன்தகடு வைத்துச் செய்தது.

நிற்க. சுண்ணாம்பின் தன்மையைச் சற்று விளக்கியாக வேண்டும். பின்வரும் ஒழுக்கச் செய்தி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதனுள்ளிருந்த கரிவாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் வார்த்தால் கொதித்து நீறும். அந்தக் குழைவைக் குழியில் இட்டுத் திங்கட் கணக்காக, சிலவேளை ஆண்டுக் கணக்காக வைத்திருப்பர். பிறகு மணலோடோ செங்கற்பொடியோடோ கலந்து சுவரில் இட்டால், அது காற்றிலிருந்து தான் இழந்த கரிவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. கனத்த சுவரின் நடுவே இது முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால், நீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த வெடிப்பில் படிந்து தானே அதனை ஓரளவு மூடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார் சொல்வது இதனால்தான். உள்ளே புகுந்த ஈரம் சாந்தின் வழியே வெளியேறிவிடும்.

1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். விரைவில் இறுகுவது, வலியது, மலிவானது என்றெல்லாம் உலகம் அதனைப் போற்றியது, போற்றத் தக்கதே. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பழஞ்சுவர்களைச் செப்பனிட்டோர் பல நாடுகளில் ஒரே தவற்றைச் செய்தனர். மென்மையான பழஞ்செங்கல்லுக்கு நடுவே வன்மையான சிமெண்டை நிரப்பினர். சுவருள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே தங்கிற்று. சிமெண்டிலிருந்து கரைந்து வந்த உப்புகள் செங்கல்லின் துளைகளில் படிகமாகி அதனை உள்ளிருந்து உடைத்தன. கீவ் போன்ற குளிர்நாட்டில் அந்த ஈரம் உறையும். உறையும் நீர் தன் பருமனில் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். ஒவ்வொரு குளிர்காலமும் பழஞ்செங்கல்லின் முகத்திலிருந்து ஒரு படலத்தை உரித்துப் போகும். சிமெண்டு மட்டும் சிதையாமல் எலும்புக்கூடுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எனவே இன்றைய செப்பனிடுவோர் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: புதிதாக இடும் சாந்து, பழைய கல்லைவிடவும் செங்கல்லைவிடவும் மெலிந்ததாய் இருத்தல் வேண்டும். அசைவு வந்தால் முதலில் பிளப்பது புதுச் சாந்தாக இருக்கட்டும். ஈரம் வந்தால் அதன் வழியே போகட்டும். உப்பு படிந்தால் அதில் படியட்டும். அது கெட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். பழைய செங்கல் போனால் திரும்ப வராது. உதவ வந்தவன் உதவி பெறுபவனைவிட வலியவனாய் நின்று அவனை நசுக்கிவிடக்கூடாது என்று இதனை நான் விரித்துப் பொருள் கொள்வேன். நம்மிடையே தொண்டு செய்வோர் சிலரை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அதைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம்.

நல்லெண்ணத்தால் விளைந்த கேட்டுக்கு அதே சோபியாவில் மற்றொரு சான்று உண்டு. 1840-களில் பூச்சின் அடியிலிருந்து பழைய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. சோல்ந்ஸெவ் என்பவர் மேற்பார்வையில் அவற்றின்மேல் எண்ணெய் வண்ணத்தால் புதிதாகத் தீட்டினார்கள். கெடுக்கும் நோக்கம் சிறிதும் இல்லை. மங்கியதை ஒளிரச் செய்வதே நோக்கம். ஆயின் பழையவன் கை மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொழிலாளர் அந்த எண்ணெய்ப் பூச்சை அங்குலம் அங்குலமாக நீக்கவேண்டியதாயிற்று. ஒருவன் பேசியதை நாம் திருத்திச் சொல்லிவிட்டு, அவன் சொன்னதாகவே ஊரில் பரப்புவது போன்றதே இது.

இனி இரண்டாம் வினா. பொருள் முழுதும் மாறிவிட்டால் அது அதுதானா? தேரின் உறுப்புகளைக் காட்டி நாகசேனர் மிலிந்த மன்னனை மடக்கிய உரையாடல் நம் வாசகர்க்குப் புதிதன்று. அதனை ஈண்டு விரிக்கப் புகவில்லை. கார்ப்பாத்திய மலையடிவாரத்துத் தச்சர்கள் அதே வினாவை வேறு வகையில் வாழ்ந்து காட்டுகிறார்கள் என்பதை மட்டும் கூறுவேன்.

அப்பகுதியின் மர ஆலயங்கள் பதினாறு, போலந்தில் எட்டும் உக்ரேனில் எட்டுமாக, 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கட்டைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்திக் கட்டியவை அவை. கூரையும் சில இடங்களில் சுவரும் சிறுசிறு மரப்பலகை ஓடுகளால் வேயப்பட்டிருக்கும். இந்த ஓட்டை வாளால் அறுப்பது முறையன்று. மரத்தைப் பிளந்து எடுக்க வேண்டும். பிளந்த பலகையில் மரத்தின் நார் அறுபடாமல் நெடுக ஓடும். மழைநீர் நாரின் வழியே வழிந்துபோகும். அறுத்த பலகையிலோ அறுபட்ட துளைகளின் வழியே நீர் உள்ளே புகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முப்பது நாற்பது ஆண்டில் ஓடு உளுத்துவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும். நானூறு ஐந்நூறு ஆண்டு நின்ற ஆலயத்தின் ஓடு பத்து முறையாவது மாறியிருக்கும். அடிக்கட்டைகளும் மாறியிருக்கும். ட்ரோஹோபிச் ஊரிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயம் வேறோர் ஊரில் இருந்ததாம். உப்பைக் கொடுத்து அதனை விலைக்கு வாங்கி, கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள் என்று அவ்வூரார் கூறுவர். உப்பு விளைந்த ஊர் அது. பணத்துக்குப் பதில் உப்பு நல்ல பண்டம்தான்.

இந்த ஆலயங்களில் தொடர்ந்து நிற்பது யாது? மரம் அன்று. மரத்தைப் பிளக்கும் கை. தந்தையிடமிருந்து மகனும் ஆசானிடமிருந்து மாணவனும் கற்ற அந்தப் பழக்கம் அறாதிருக்கும் வரை, ஓடு எத்தனை முறை மாறினாலும் ஆலயம் பழையதே. அண்மைக் காலத்தில் சில ஊர்களில் பிளந்த ஓடு வேய்வார் கிடைக்காமலும் செலவுக்கு அஞ்சியும் பளபளக்கும் தகட்டைக் கூரைமேல் அடித்துவிட்டார்கள். தகட்டின் அடியில் ஈரம் வியர்த்து நின்று கட்டைகளை உளுக்கச் செய்கிறது. அங்கே பழைய கட்டைகள் இன்னும் உள்ளன. பழைய கை போய்விட்டது. எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால் பின்னது என்பேன். இதில் கருத்து வேறுபாடு உடையோர் உண்டு. கட்டையின் உள்வளையங்களை எண்ணி அது வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லும் அறிஞர்களுக்கு, கட்டை போவது ஏடு எரிவது போன்றது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

புனித மிக்கேல் ஆலயத்துக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் என்ன ஆகும்? 1937-இல் இடிந்தது, 1999-இல் திரும்ப எழுந்து திறக்கப்பட்டது. அறுபது ஆண்டு இடைவெளியில் கையும் அறுந்தது, பொருளும் போயிற்று. எஞ்சியவை அளவுப் படங்கள், புகைப்படங்கள், பெயர்த்தெடுத்த ஓவியங்கள். அவற்றிலும் தெசலோனிக்கா டிமித்ரி மொசைக் இன்றும் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கூடத்தில் இருக்கிறது. 2001-க்கும் 2004-க்கும் இடையில் சில சுவரோவியங்கள் ருஷியாவின் ஹெர்மிட்டேஜிலிருந்து கீவுக்குத் திரும்பின. ஆதலின் இன்று நிற்பது அந்தப் பழைய ஆலயம் என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு நினைவுச் சின்னம். பொய்யா? பார்ப்பவரிடம் அதன் வயதை மறைத்தால் பொய். மறைக்காவிட்டால் பொய்யன்று.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. எந்த நாளின் ஆலயத்தைத் திரும்பக் கட்டுவது? மிக்கேல் ஆலயத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வடிவில் கட்டவில்லை. இடிக்கப்பட்டபோது எப்படி இருந்ததோ அப்படி, பதினெட்டாம் நூற்றாண்டு அணிகலன்களோடு கட்டினர். கீவின் கீழ்நகரத்திலுள்ள பிரோஹோஷ்சா ஆலயத்தைப் பற்றியோ வேறு முடிவு செய்தார்கள். 1130-களில் கட்டப்பட்ட அது, பின்னாளில் பலமுறை மாற்றமடைந்து, 1935-இல் இடிக்கப்பட்டபோது வேறு உருவில் இருந்தது. 1990-களின் இறுதியில் திரும்பக் கட்டியபோது இடையில் வந்தவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கே போய்விட்டனர். ஏறத்தாழ எழுநூறு ஆண்டு அங்கே வாழ்ந்தவர்களின் கைப்பாடு இவ்வாறு விடுபட்டது. பொன்வாயில் நிலைமை இன்னும் ஐயத்துக்குரியது. 1832-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அந்தப் பதினோராம் நூற்றாண்டு இடிபாட்டின்மேல், நகரத்தின் 1,500-ஆம் ஆண்டு விழாவுக்காக 1982-இல் ஒரு முழு வாயிலைக் கட்டிவிட்டார்கள். பழைய வாயில் முழுமையாய் எப்படி இருந்தது என்று காட்டும் படமோ அளவோ இல்லை. அறிஞர் சிலர் அன்றே குறை கூறினர். அவர்கள் பக்கமே நான். உள்ளே பழைய சுவர் காப்பாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் வழிப்போக்கன் ஊகத்தை வரலாறாக எண்ணிப் போகிறான்.

1964-இல் வெனிஸ் நகரத்தில் கூடிய கட்டடக் கலைஞர்கள் இயற்றிய விதித்தொகுப்பு இவ்விடத்தில் தெளிவாய்ப் பேசுகிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுதல் நின்றுவிட வேண்டும். புதிதாய்ச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே வேளையில் பழையதினின்று வேறுபடுத்தி அறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் அதன் சாரம். இசைவும் வேறுபாடும் ஒருங்கே வேண்டுமென்பது எளிதான கட்டளையன்று. பிறகு 2000-இல் ரீகா நகரத்தில், சோவியத் ஆட்சியில் இருந்து விடுபட்ட நாட்டினர் கூடி வேறொரு தீர்மானம் செய்தனர். போராலோ பேரிடராலோ அழிந்ததும், அந்நகரத்தின் உயிருக்கு இன்றியமையாததும், போதிய சான்றுகள் உள்ளதும் ஆகிய கட்டடத்தை அரிதாகத் திரும்பக் கட்டலாம் என்பது அதன் கருத்து. அடிபட்டவர்கள் செய்த தீர்மானம் என்பதை நினைவிற் கொண்டு அதனைப் படிக்க வேண்டும். தன் வீடு இடியாதவன் தூய கோட்பாடு பேசுதல் எளிது.

இன்று வந்துள்ள புதிய கருவிகள் சான்று சேர்க்கும் வேலையை வியக்கத்தக்க வகையில் மாற்றிவிட்டன. லேசர்க் கதிரை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை சுவரில் பாய்ச்சி, அது திரும்பும் காலத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கிறது ஒரு கருவி. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலிருந்து பொதுப் புள்ளிகளைக் கணித்து முழு உருவத்தை வார்க்கிறது மற்றொரு முறை. 2022-இல் போர் பெருகியதும் லிவிவ் நகரத்துத் தொழில்நுட்பக்காரர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதே ஆண்டு தொடங்கிய "பேக்கப் உக்ரேன்" என்னும் முயற்சியில் பொதுமக்களே தங்கள் கைப்பேசியால் சிலைகளையும் கட்டடங்களையும் பதிவு செய்தார்கள்.

ஆனால் பதிவு, மேற்பரப்பை மட்டுமே அறியும். சாந்தில் என்ன கலந்திருக்கிறது என்று அது சொல்லாது. அதற்குச் சிறு துண்டெடுத்து நீர்த்த அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் தங்கும் மணலையும் செங்கற் பொடியையும் சலித்து எண்ண வேண்டும். மெல்லிய சீவலாக்கி நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். பிறகு அதே போன்ற மணலைத் தேடிப் போக வேண்டும். இவ்வளவும் தெரிந்தாலும், கலவையைக் குழைத்துச் சுவரில் எறியும் கைக்கு அதன் பதம் தெரிய வேண்டும். அந்தக் கைகளிற் பல இன்று போர்முனையில் இருக்கின்றன.

கார்க்கிவ் நகரத்து "தெர்ஷ்ப்ரோம்" மாளிகையை மறந்துவிடக்கூடாது. 1925-க்கும் 1928-க்கும் இடையில் கம்பி பதித்த காங்கிரீட்டால் எழுந்தது அது. இரண்டாம் உலகப் போரையும் தாண்டி நின்றது. 2024 அக்டோபர் 28-இல் வான்குண்டு அதனைத் தாக்கியது. இங்கே சுண்ணாம்பு பேசிப் பயனில்லை. காங்கிரீட்டுக்குக் காங்கிரீட்டே வாய்மை. பழங் காங்கிரீட்டில் கரிவாயு புகப் புக, உள்ளிருக்கும் இரும்பின் காப்பு நீங்கித் துருப்பிடிக்கும். துரு பருத்துக் காங்கிரீட்டை உடைக்கும். எனவே அங்கே முதல் வேலை கம்பியை நோக்குவது. பொருளுக்கு ஏற்ப நெறி மாறும்.

யுனெஸ்கோ நேரில் உறுதி செய்த சேதமடைந்த பண்பாட்டு இடங்களின் எண்ணிக்கை 2025-இல் ஐந்நூறைக் கடந்தது. மக்களுக்கு வீடில்லாதபோது இவற்றைப் பற்றிப் பேசலாமா என்று கேட்போர் உண்டு. வீடே முதலில் என்பதில் ஐயமில்லை. ஆயின் துளைபட்ட கூரைக்கு ஒரு தார்ப்பாயும் மரச்சட்டமும் உடனே போடாவிட்டால், ஒரு குளிர்காலத்து மழையும் பனியும் ஏவுகணை விட்டுவைத்ததை முடித்துவிடும். அந்தத் தார்ப்பாய் ஒருவன் வீட்டைப் பறிக்காது. முழுச் செப்பனிடுதல் காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். சுண்ணாம்பே அவசரத்துக்கு இணங்காத பொருள். விழாநாள் குறித்து வைத்துக்கொண்டு அதற்குள் முடிக்க முயன்றதால் வந்ததே பொன்வாயிலின் பிழை.

இடிபாட்டை இடிபாடாகவே விடுக, அது கொடுமைக்குச் சாட்சி என்பாரும் உளர். அவர்களை நான் மிக மதிக்கிறேன். ஆனால் கீவின் குகைமடத்தைப் பாருங்கள். 1073-இல் தொடங்கிய அதன் பேராலயம் 1941 நவம்பர் 3-ஆம் நாள் வெடித்துச் சிதறியது. தென்கிழக்கு மூலை மட்டும் எஞ்சி, அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நின்றது. வெடிவைத்தவர் சோவியத் படையினரா, ஜெர்மானியரா என்று இன்றும் வாதிடுகின்றனர். இடிபாடு ஐம்பது ஆண்டு சாட்சி நின்றும் அதைச் சொல்லவில்லை. 2000-இல் புதிதாய் எழுந்த பேராலயமும் சொல்லாது. சொல்ல வல்லது எழுதி வைத்த ஏடு. 1930-களில் ஏட்டைப் பொய்யாக்கவே கையொப்பம் கேட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆக, ஒடேசா ஆலயம் நகலே. அதன்மீது விழுந்த அடி நகலன்று. அங்கே வழிபட்டவர்களும், இரண்டாம் முறை அதற்குக் கல் சுமந்தவர்களும் நகல் மனிதர் அல்லர். இதை நம் அன்பருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். "மூன்றாம் முறை கட்டும்போது முன் அடித்த அடையாளம் தெரியக் கட்டுவார்களா?" என்று கேட்டு மறுமடல் வந்தது. தெரியும்படி கட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். முடிவு ஒடேசா மக்களுடையது.

சோபியாவில் அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அதன் வெளிச்சுவர் முழுதும் வெள்ளைப் பூச்சுப் பூசி அணிசெய்யப்பட்டது. பின்வந்த செப்பனிடுவோர் அந்தப் பூச்சைப் பெயர்த்தெறியவில்லை. சில இடங்களில் மட்டும் சன்னல் அளவுக்குத் திறந்து வைத்தார்கள். வெண்சுவரின் நடுவே அந்தத் திறப்புகளில் மெல்லிய செங்கற் கோடுகளும் அகன்ற சாந்துப் பட்டைகளும் தெரிகின்றன. 2025 ஜூன் 10-ஆம் நாள் இரவு நகரத்தில் வீழ்ந்த குண்டுகளின் அதிர்ச்சியால் ஆலயத்தின் பீடப்பக்கத்து வளைசுவரின் மேல்விளிம்பு சிதைந்தது. சிதைந்த இடத்தைக் காத்துச் சரிசெய்யும் பொறுப்பும் இப்போது அதே சுண்ணாம்புக்காரர்கள் கையில் வந்திருக்கிறது.